பழையதும் பயனற்றதும்

‘பழையது’ என்ற சொல்லை நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு பொருள் எப்போது பழையதாகிறது? தன் வேலையைச் செய்ய இயலாமற்போகும்போதா? அன்றி, அதைவிடப் புதியதொன்று கடைக்கு வந்துவிடும்போதா? இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அன்றாட வாழ்வில் ஒன்றெனவே கொண்டு நடக்கிறோம்.

நம் வீட்டின் பின்னறையைச் சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருக்கிறோம். அங்கே மேசையை அடைத்துக்கொண்டிருக்கிறது ஒரு பழைய டிஜிட்டல் மிக்சர். யமஹா நிறுவனம் 1995இல் வெளியிட்ட 02ஆர் என்னும் கருவி. பாடுவோர் குரலும் வாத்தியங்களின் ஒலியும் தனித்தனிப் பாதைகளில் இதனுள் நுழைந்து, எண்களாக மாறி, அளவோடு கலந்து, ஒரே பாடலாக வெளிவரும். மொத்தம் 40 பாதைகள். இதைக் காணும் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: “இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?”

இக்கேள்வியைப் புன்னகையோடு தள்ளிவிட முடியவில்லை. கருவியைப் பற்றியது போலத் தோன்றினாலும் இது நம்மைப் பற்றிய கேள்வி. நாம் காட்டுவது சிக்கனமா, கஞ்சத்தனமா? பேணுதலா, பிடிவாதமா?

முதலில் கருவியின் பக்கம் நின்று பார்ப்போம். இது ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்க வல்லது. கோட்பாட்டின்படி, ஏறத்தாழ 24,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைப் பதிவு செய்ய இது போதும். மனிதச் செவியோ இளமையிலும் 20,000 ஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடுகிறது. உள்ளே வரும் ஒலியின் ஒவ்வோர் அளவையும் இது 20 பிட்டுகளால் குறிக்கிறது. இன்றைய கருவிகள் 24 பிட்டுகளால் குறிக்கின்றன. அந்த நான்கு பிட்டுகள் தரும் நுண்மையை நம் அறையின் மின்விசிறி இரைச்சலே மூடிவிடுகிறது. விசிறியை நிறுத்தாமல் மிக்சரை மாற்றத் துடித்த நாள்கள் நமக்கும் உண்டு. குறை அருகில் இருக்க, தீர்வைக் கடையில் தேடுவது நமக்குப் பழகிப்போன வழி.

மண்டபத்தில் பாடினாற்போன்ற எதிரொலியைச் சேர்ப்பதற்கு இதனுள் இருப்பவை இரண்டே அமைப்புகள். கணினியில் எத்தனையும் அடுக்கலாம். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்திற்கு ஒன்று எனக் கேட்டது மனம். வேறு வழியின்றி எல்லாவற்றையும் ஒரே எதிரொலிக்குள் அனுப்பினோம். வெவ்வேறு நாள்களில் பதிவான ஒலிகள், ஒரே கூடத்தில் ஒன்றாக அமர்ந்து இசைத்தவை போலக் கேட்டன! எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற இடத்தில் முடிவு தள்ளிப்போகிறது. இவ்வளவே உண்டு என்ற இடத்தில்தான் ‘போதும்’ என்ற சொல் பிறக்கிறது.

இக்கருவிக்கு நினைவாற்றலும் உண்டு. சேமித்த அமைப்பை அழைத்தால், கைபடாமலே ஃபேடர்கள் நகர்ந்து நேற்றைய இடங்களில் போய் நிற்கும். அந்நினைவைக் காப்பது உள்ளிருக்கும் சிறு பேட்டரி. அதை உரிய காலத்தில் மாற்றாமல் அசட்டையாய் இருந்துவிட்டோம். ஒருநாள் சேமித்தவை யாவும் அழிந்திருந்தன, பிழை நம்முடையதே. இரவெல்லாம் அமர்ந்து அதே பாடலை மீண்டும் கலந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. ஃபேடர் எங்கே நின்றது என்பதைக் கருவி அறிந்திருந்தது. ஏன் அங்கே நின்றது என்பதை நம் செவிதான் அறிந்திருந்தது.

ஆயினும், பழமையைப் போற்றுவதே அறம் என்று முடித்துவிடலாகாது. ஒருவர் தம் பாடலை நம்பி ஒப்படைக்கும்போது, நடுவில் நின்றுவிடக்கூடிய கருவியை ‘இன்னும் ஓடுகிறதே’ என்று காட்டி நம்பிக்கை ஊட்டுவது நேர்மையன்று. பழுது பார்க்க இயலாத நாளும் வரும். அன்று விடைகொடுக்கத் தயங்கினால், பொருளைப் பேணியவர்கள் அல்லோம். பொருளுக்கு அடிமைப்பட்டவர்கள் ஆவோம்.

ஆனால் அந்நாள் வருமுன்னே எறிந்துவிடுவதற்கும் ஒரு விலை உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே என்றும் 2024இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகிறது. எஞ்சியது எங்கே போயிற்று? நாம் ‘பழையது’ என்று சொன்னதும் பொருள் மறைந்துவிடுவதில்லை. நம் கண்ணுக்கு அப்பால், வேறு யாருடைய வாசலிலோ போய்க் கிடக்கிறது.

எனவே ஒரு பொருளைக் கழிக்க எண்ணும்போது அதன் வயதைக் கேட்க வேண்டா. இதனால் இயலாத வேலை எது? அவ்வேலை உண்மையில் நமக்குத் தேவையா? இவ்விரண்டையும் கேட்போம். விடை காணுமுன், விசிறியை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதும் நல்லது.