மீற முடியாத விதி

மீறவே முடியாத ஒரு விதியை ஒருவன் கடைப்பிடித்தான் என்று சொல்வதில் அர்த்தம் உண்டா? கல் கீழே விழுகிறது. அதற்காகக் கல்லை நேர்மையானது என்று நாம் சொல்வதில்லை. இந்தக் கேள்வியை ஒரு விளையாட்டை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். விளையாட்டில் சிறைக்கும் தண்டனைக்கும் இடமில்லை. ஆகவே விதி அங்கே பயத்தின் கலப்பில்லாமல் வெறும் விதியாக நிற்கிறது.

'மேஜிக் ரெல்ம்' 1979ல் அமெரிக்காவின் அவலான் ஹில் கம்பெனி வெளியிட்ட பலகை விளையாட்டு. உருவாக்கியவர் ரிச்சர்ட் ஹாம்ப்ளென். 20 அறுகோண அட்டைகளைச் சேர்த்து ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தேசம் அமைக்கப்படுகிறது. அதில் சூனியக்காரி, குள்ளன், வாள்வீரன் என்று 16 பாத்திரங்கள், புதையல்கள், ட்ராகன்கள். என்னை யோசிக்க வைத்தவை இரண்டு விதிகள். ஆட்டம் தொடங்குமுன், தனக்கு எது வெற்றி என்பதை ஒவ்வொருவனும் தானே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். பொன், புகழ், அவப்பெயர், அரும்புதையல், மந்திரம் ஆகிய ஐந்துக்கும் இடையே தன் புள்ளிகளை அவன் பங்கிட்டுக்கொள்கிறான். பிறகு, ஆட்டத்தின் ஒவ்வொரு நாளும் விடியுமுன், அன்று செய்யப்போவதை மற்றவர்க்குத் தெரியாமல் எழுதியாக வேண்டும். எழுதியது எழுதியதுதான். நிலைமை மாறி அது செய்ய இயலாததாகிவிட்டால் அந்தச் செயல் வீண்.

விதிகளின் சிக்கலுக்கே பெயர்போன ஆட்டம் இது. 1986ல் விதிப் புத்தகம் திருத்தி வெளியிடப்பட்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. 1998ல் அவலான் ஹில் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போயிற்று. ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். அவர்களில் ஒருவர் 'ரெல்ம்ஸ்பீக்' என்ற கம்ப்யூட்டர் நிரலை எழுதி இலவசமாகத் தந்தார். வெவ்வேறு ஊர்க்காரர்கள் அதன் வழியே இணையத்தில் சேர்ந்து ஆடலாம். விதிகளை நிரலே அறிந்திருக்கிறது. அவற்றுக்குப் புறம்பாக ஆட அது இடம் தருவதில்லை. பலகை விளையாட்டுகளை இணையத்துக்குக் கொண்டுபோக ரசிகர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அது 'வாஸ்ஸல்'. பலகையையும் காய்களையும் பகடையையும் திரையில் வைத்துவிட்டு, விதிகளைப் பொதுவாக ஆடுபவர்களிடமே விட்டுவிடுகிறது. காயை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கூடாத இடத்தில் வைக்காமலிருப்பது நம் பொறுப்பு.

இரண்டாவது வழிதான் ஒழுக்கத்துக்கு இடம் தருகிறது, முதலாவது மனிதனைக் கல்லாக்குகிறது என்று சொல்லிவிடத் தோன்றும். காண்ட் 1785ல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரன் வருகிறான். குழந்தை வந்து கேட்டாலும் அதே விலைதான் சொல்கிறான். வியாபாரம் கெடக்கூடாதே என்று. அவன் செயல் கடமைக்கு ஒத்தது, கடமையிலிருந்து பிறந்ததல்ல. நிரலுக்குள் ஆடுபவனுக்கோ ஏமாற்றும் சாத்தியமே இல்லை.

இந்த முடிவை நான் ஏற்கவில்லை. இத்தனை விதிகள் உள்ள ஆட்டத்தில் மேஜையைச் சுற்றி நேரும் மீறல்களில் பல வெறும் மறதியாகத்தான் இருக்க முடியும். மறதியைத் தடுப்பது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. மேலும், நான் சொன்ன அந்த இரண்டு விதிகளிலும் ஆடுபவனைக் கட்டுவது அவனுடைய வார்த்தையே. நிரல் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பொன்னா புகழா என்பதை அது அவனுக்காகத் தேர்வதில்லை. அவசியமில்லாத தடைகளை நாமே விரும்பி ஏற்று அவற்றைத் தாண்ட முயல்வதே விளையாட்டு என்று பெர்னார்ட் ஸூட்ஸ் தமது 1978ஆம் வருஷத்து நூலில் வாதிட்டார். அந்த ஏற்பு ஆடுபவனுடைய செயல். நிரலுக்குள்ளும் அது அவனிடமே இருக்கிறது.

ஆக, நேர்மை இழக்கப்படவில்லை. இழப்பு வேறிடத்தில். விதிப் புத்தகம் எவ்வளவு பருத்தாலும் எங்கோ மௌனமாகிவிடும். எங்கோ இரண்டு அர்த்தம் தரும். மேஜையில் அப்போது ஆட்டம் நிற்கிறது. பேசுகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், எப்படியோ ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அந்தச் சில நிமிஷங்கள் அவர்கள் விதியை ஆக்குபவர்களாகவும் இருக்கிறார்கள். நிரலில் மௌனத்துக்கு இடமில்லை. எழுதுபவர் ஏதாவது ஒரு அர்த்தத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும். மாற்று அர்த்தங்களுக்கு வழிவைத்தாலும் அந்தப் பட்டியல் அவர் போட்டதே. பிரதியின் ஒரு வாசிப்பு பிரதியாகவே ஆகிவிடுகிறது. பின்னால் வருபவனுக்கு அங்கே ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.

இதற்காக அந்த ரசிகரை நான் குறைசொல்ல மாட்டேன். கைவிடப்படவிருந்த ஒன்றைக் கூலியில்லாமல் சுமந்தவர் அவர். அவர் கொண்ட அர்த்தம் தவறு என்று விதிப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டி இன்னொரு ரசிகன் வாதாட முடிகிறவரை அந்த மேஜையும் இருக்கிறது; சர்ச்சை ஆட்டத்துக்கு வெளியே நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் வெளியே நடக்கும் சர்ச்சையை ஆடுபவன் தேடிப்போக வேண்டும். தேடுவதற்கு முதலில் அவனுக்குச் சந்தேகம் வர வேண்டும். தடங்கலில்லாமல் ஓடும் ஆட்டத்தில் சந்தேகம் எப்படி வரும்?

ஏமாற்றுகிறவன் விளையாட்டை ஏற்பதாகப் பாவனையாவது செய்கிறான் என்று 1938லேயே ஹ்யூஸிங்கா கவனித்தார். பாவனை செய்கிறவனுக்குத் தன் முன்னே இருப்பது விதி, மனிதர்கள் ஒப்புக்கொண்ட ஒன்று, என்பது தெரியும். ஒருமுறைகூட ஆட்சேபிக்கத் தோன்றாதவனுக்கு அது தெரிய வழியில்லை.