பகலில் கொல்பவன்

பயங்கரப் படங்களை நாம் விமர்சனத்துக்கு உரியவையாகக் கருதுவதில்லை. பெர்க்மன், சத்யஜித் ராய் என்றால் இரவெல்லாம் விவாதிப்போம். ரத்தம் குடிக்கும் பிணங்கள் என்றால் அது டிக்கெட் வாங்கினவனின் பாடு. பெரும்பாலும் இது சரியான கணிப்புதான். ஆனால் நல்ல படங்கள் நாசூக்காகச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு கேள்வியில் ஒரு சுமாரான படம் நேராகப் போய் முட்டிக்கொள்வதும் உண்டு. 1964ல் வந்த 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' அப்படிப்பட்டது.

ரிச்சர்ட் மாதெஸன் 1954ல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல் இதற்கு மூலம். முதலில் இங்கிலாந்தின் ஹாம்மர் கம்பெனி எடுப்பதாக இருந்தது. மாதெஸனே திரைக்கதை எழுதினார்; தணிக்கைக்காரர்கள் ஒப்பவில்லை. பிறகு ரோம் நகரில் சொற்பச் செலவில் எடுத்தார்கள். முடிந்த படம் மாதெஸனுக்குப் பிடிக்காமல், லோகன் ஸ்வான்ஸன் என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டார். ஏதோ ஓர் அமெரிக்க நகரம் என்று பாவனை. நாம் பார்ப்பது 1942ல் நடக்க இருந்து யுத்தத்தால் நடக்காமலே போன உலகக் கண்காட்சிக்காக முஸோலினி கட்டத் தொடங்கிய ஈ.யூ.ஆர். பகுதி. யாருக்காகவும் காத்திராத அந்த வெள்ளைக் கட்டிடங்கள் படத்துக்கு ஒத்துப்போகின்றன.

கதை தெரிந்ததுதான். ஒரு கொள்ளைநோய், செத்தவர்கள் இரவில் எழுந்து வருகிறார்கள். மார்கன் என்ற விஞ்ஞானி மட்டும் தப்பிவிடுகிறான். முன்பு பனாமாவில் வேலை பார்த்தபோது வௌவால் கடித்ததில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கலாம் என்பது அவன் ஊகம். மகளின் உடலை லாரியில் கொண்டுபோய் எரிகுழியில் போட்டுவிட்டார்கள். மனைவிக்கு அது நேரக்கூடாதென்று தானே ரகசியமாகப் புதைக்கிறான். அவள் அன்றிரவே திரும்பி வந்து கதவருகில் நிற்கிறாள். இப்போது அவன் வீட்டு வாசலில் பூண்டும் கண்ணாடியும் தொங்குகின்றன. இரவில் வெளியே நின்று, கூட வேலை பார்த்த கார்ட்மன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.

இவர்களை நாம் ரத்தக் காட்டேரி என்று சொல்லிவிடுகிறோம். சொல் சரியாகப் பொருந்தவில்லை. நம் காட்டேரிக்குக் கோயில் உண்டு, படையல் உண்டு. அதனுடன் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வரலாம். மார்கனின் உலகத்தில் பேச்சுக்கு இடமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலுக்குக்கூட அவன் கிராமபோனைச் சத்தமாக வைப்பதுதான் பதில்.

என்னைத் தொந்தரவு செய்வது அவனுடைய பகல்கள். லேத்தில் மரத்தைக் கடைந்து கூரான முளைகள் செய்கிறான். வரைபடத்தில் தெருத்தெருவாகக் குறித்துக்கொண்டு, வீடு வீடாகப் புகுந்து, தூங்குகிறவர்களின் நெஞ்சில் அடிக்கிறான். உடல்களைக் காரில் போட்டுக்கொண்டுபோய்க் குழியில் தள்ளுகிறான். முகத்தில் கோபமில்லை, சந்தோஷமுமில்லை. ஆபீஸ் குமாஸ்தாவின் அலுப்பு.

ரூத் என்ற பெண் வந்த பிறகுதான் விஷயம் வெளிப்படுகிறது. நோய் தொற்றியும் சாகாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு மருந்தைப் போட்டுக்கொண்டு, புதிதாக ஒரு சமூகம் அமைக்க முயல்கிறார்கள். மார்கன் முளை அடித்தவர்களில் அவர்களும் பலர். அவனை உளவு பார்க்கத்தான் இவளை அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்குப் பகலில் வரும் பூதம் இவன்.

அவன் செய்தது குற்றமா? தெரியாமல் செய்தான் என்பது முதல் பதில். உண்மைதான். மூன்று வருஷம் தனியாக, இரவு முழுக்க வெளியில் கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவனிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது, சாய்வு நாற்காலியில் இருப்பவனின் தார்மீகம். இரவில் கதவை உடைப்பவனைக் கொன்றதற்கு நான் அவனைக் கேள்வி கேட்கமாட்டேன்.

ஆனால் பகலில் தூங்குகிறவன் கதவை உடைக்கவில்லை. மார்கன் விஞ்ஞானி. வீட்டிலேயே மைக்ராஸ்கோப் இருக்கிறது. காயத்தோடு வந்த நாயின் ரத்தத்தைக்கூடச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொல்கிறான். மனிதர்களுக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை. ஏன்? கொலை அவனுக்கு வேலையாகிவிட்டது. இன்று இத்தனை தெரு, நாளை அத்தனை. வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நிமிஷம் கையை நிறுத்த வேண்டும். அட்டவணையில் அந்த நிமிஷம் இல்லை. அவனுக்குத் தெரியவில்லை என்பது வாஸ்தவம். தெரிந்துகொள்ளாதபடி தன் நாளை அமைத்துக்கொண்டான் என்பதும் வாஸ்தவம். முதலாவதற்காக மன்னிக்கலாம். இரண்டாவதற்குப் பொறுப்பு அவனுடையது.

இந்தக் கதையை வைத்து வழக்கமாகச் சொல்லப்படுவது வேறு: யார் மனிதன், யார் பூதம் என்பது பெரும்பான்மை தீர்மானிக்கிற விஷயம், உலகமே மாறியபின் பழைய மனிதன்தான் விகாரம். கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒப்பவில்லை. எண்ணிக்கை பெயர் சூட்டும், நியாயம் வழங்காது. புதிய சமூகத்தார் கறுப்பு உடையில் ஆயுதங்களோடு வந்து, கார்ட்மன் வகையறாவை அதே சுறுசுறுப்புடன் தீர்த்துக்கட்டுகிறார்கள். அவர்களிடமும் அட்டவணை இருக்கிறது. அதில் அடுத்த பெயர் மார்கன்.

அவர்கள் வருவதற்குமுன் மார்கன் ஒரு காரியம் செய்துவிடுகிறான். தன் ரத்தத்தை ரூத்துக்கு ஏற்றுகிறான், அவள் குணமாகிறாள். ரத்தம் குடிக்கிற கதையில் ரத்தம் கொடுப்பது இந்த ஓரிடத்தில்தான். தான் கொன்றவர்கள் யார் என்று தெரிந்த மனிதன் அதற்கப்புறம் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. பிராயச்சித்தம் என்று இதைச் சொல்லமாட்டேன், செத்தவர்கள் திரும்பப்போவதில்லை. ஆனால் இதே மனிதன் சர்ச்சில் பலிபீடத்தருகே குத்துப்பட்டுச் சாகும்போது, அவர்களை விகாரப் பிறவிகள் என்று ஏசிக்கொண்டே சாகிறான். கை கற்றுக்கொண்டதை நாக்கு கற்றுக்கொள்ளவில்லை.

2007ல் வில் ஸ்மித் நடித்து இதே நாவல் மீண்டும் படமானது. நாயகன் பிடித்து வைத்துச் சோதனை செய்த பெண்ணை மீட்கத்தான் அவளுடைய துணைவன் வந்திருக்கிறான், தானே அவர்களுக்குப் பயங்கரம் என்று நாயகன் உணர்வதாக முதலில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தியாகியாகச் சாகிற முடிவோடு படம் வெளிவந்தது. ரசிகர்களைப் பழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பழைய படத்தை முதல் தடவை பார்த்தபோது ஒவ்வொரு முளை இறங்கும்போதும் நானும் 'ஒன்று குறைந்தது' என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். ரூத் சொன்ன பிறகும் அந்த எண்ணிக்கையைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

படத்தின் கடைசியில், குணப்படுத்தக்கூடிய ஒரே ரத்தம் தரையில் கிடக்கிறது. கொன்றவர்களுக்கு அது தெரியாது. ஒரு குழந்தை அழுகிறது. இனி எல்லோருக்கும் பத்திரம்தான் என்று ரூத் அதைத் தேற்றுகிறாள். இது பொய் என்று தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.