பேர் சொல்லா மருந்து

பொழுது சாய்ந்த பிறகு வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது என்றொரு வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. விளக்கு வைத்த பின் குழந்தைக்கு வயிறு பொருமினால், பாட்டி என்னைக் கடைக்கு அனுப்பி, 'பேர் சொல்லா மருந்து' என்று மட்டும் கேட்டு வாங்கிவரச் சொல்வாள்; கடைக்காரரும் மறுபேச்சின்றி அந்த வேர்த்துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். பெயர்தான் மறைந்திருந்தது, பொருள் இன்னதென்பது கேட்டவனுக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும், விளக்கில் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாவில் தடவிய பாட்டிக்கும் தெரியும்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்புகையில், ஒரகடம் கூட்டுரோட்டருகே ஒரு பெரிய குடையின் கீழ், சிவப்புத் துணி விரித்த மேசைமேல் வரிசையாக வைத்திருந்த சீசாக்களைக் கண்டு நின்றேன். மூட்டுவலி, சர்க்கரை, தூக்கமின்மை, ஆண்மைக் குறைவு ஆகிய நான்குக்கும் ஒரே லேகியம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. இதில் என்னென்ன சேர்கிறது என்று கேட்டேன். "எல்லாம் மூலிகைங்க ஐயா, சைடு எஃபெக்ட்டே கிடையாது," என்றார் விற்பவர். எந்த மூலிகை என்றதற்கு, "அதைச் சொன்னா மருந்து பலிக்காதுங்க. எங்க தாத்தா அப்பாவுக்குச் சொன்னது, அப்பா எனக்குச் சொன்னது," என்று பணிவாகவே பதில் வந்தது.

அந்தப் பதிலை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒளடத முறைகளைப் பரிபாஷையில் மறைத்து எழுதிய சித்தர்கள், தகுதியற்றவன் கையில் பாஷாணமும் பாதரசமும் சேர்ந்தால் என்ன நேரும் என்று அஞ்சியே அவ்வாறு செய்தனர் என்பது நம் மரபு. ஞானத்துக்கும் மருந்துக்கும் அதிகாரி யார் என்ற விசாரத்தை நம் முன்னோர் ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. ஆனால் அங்கே ரகசியம் சீடனைக் காத்தது. இந்தக் குடையின் கீழ் அது யாரைக் காக்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடி நான் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்து சில கல் தொலைவில், இன்று கண்ணாடியும் காரும் கைப்பேசியும் செய்யும் ஆலைகளால் உலகறிந்த ஸ்ரீபெரும்புதூரில், 1017-இல் இராமானுசர் அவதரித்தார். திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து பெற்ற திருமந்திரப் பொருளை, எவருக்கும் உரைக்கலாகாது என்ற ஆணையையும் மீறி, அவர் ஊரறிய வெளியிட்டதாகவும், ஆணை கடந்தவனுக்கு நரகமே கதி என்று ஆசாரியர் சினந்தபோது, தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வார்களே என்று விடை கூறியதாகவும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. அவர் கோபுரத்தின் மேலேறிக் கூவினாரா, அடியார் கூட்டத்தில் அமர்ந்து சொன்னாரா என்பதில் நூல்கள் வேறுபடலாம்; எனக்கு அது முக்கியமன்று. வெளியிட்டவர் அதன் பலாபலனைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார் என்பதே அக்கதையின் உயிர். லேகியக்காரரோ பொருளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, நரகத்தை மட்டும் வாங்குபவனிடம் சீசாவில் அடைத்துக் கொடுக்கிறார்.

சட்டமும் இத்தகைய வெளியீட்டைத்தான் கேட்கிறது. 1940-இல் வெள்ளையர் ஆட்சியில் பிறந்த மருந்துச் சட்டம், 1964-இல் திருத்தப்பட்டுத்தான் நம் நாட்டு வைத்திய முறைகளையும் தன் வரம்புக்குள் கொணர்ந்தது. சேர்மானப் பட்டியல் சீட்டில் இருக்க வேண்டும். நச்சுப் பொருள் சேர்ந்திருந்தால் வைத்தியர் மேற்பார்வையில் உண்க என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். சர்க்கரை முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே தடுத்திருந்தது. இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு விதிவிலக்கு: தம்மிடம் வரும் நோயாளிக்குத் தாமே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கு உற்பத்தி உரிமம் வேண்டியதில்லை. நாடி பிடித்தவரும் நாடியைக் கொடுத்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருக்கும் வரை சர்க்கார் வெளியிலேயே நிற்கிறது. முகமறியாதவனை நோக்கிச் சீசா புறப்படும்போதுதான் குறுக்கே வருகிறது. மூலிகை என்ற பெயரில் விற்கும் வலிப்பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டிருப்பதால், அந்தத் தலையீட்டை அதிகப்பிரசங்கித்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனினும் இராஜதண்டத்தை முழுதும் நம்பிவிடவும் இயலாது. தாய்லாந்தில் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர் களைப்புத் தெரியாதிருக்க மென்று வந்த கிராத்தம் என்ற இலையை எடுத்துக்கொள்வோம். சிறிதளவு தின்றால் விழிப்பும், மிகுதியாகத் தின்றால் அபினியை ஒத்த மயக்கமும் தரும் இம்மரத்துக்கு, அதன் சூல்முடி பிஷப்பின் மகுடம் போலிருப்பதால் டச்சுத் தாவர அறிஞர் கோர்த்தல்ஸ் மித்ரகைனா என்று பெயரிட்டார். முருகனுக்குகந்த கடம்பின் பெயரைத் தாங்கி நம் ஏரிக்கரைகளில் நிற்கும் நீர்க்கடம்பும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். கிராத்தம் இலையைத் தாய்லாந்து 1943-இல் தடை செய்தது. அபினி வரி குறைந்ததே உண்மைக் காரணம் என்பர் வரலாறு அறிந்தோர். 2021-இல் அத்தடை நீங்கிற்று. மலேசியாவில் கேத்தும் என்ற பெயரில் அது இன்றும் நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் இருக்க, அமெரிக்காவின் யூட்டா மாநிலமோ 2019-இல், விற்கலாம், ஆனால் சேர்மானத்தைச் சீட்டில் எழுது, பதினெட்டு நிரம்பாதவருக்குக் கொடாதே என்று நடுவழி கண்டது. இலை ஒன்றே, கஜானாவுக்கும் காலத்துக்கும் ஏற்ப அது குற்றமாகவும் சரக்காகவும் மாறுகிறது. நம் தமிழ்நாட்டிலும் 2013 முதல் குட்காவைத் தடுத்துவரும் அதே அரசாங்கம், 2003 முதல் மதுவைத் தன் கடையிலேயே விற்றுவருகிறது. காப்பவன் யார், கல்லாவில் அமர்ந்திருப்பவன் யார் என்று பிரஜை குழம்பினால் அவனைக் கோபிக்கலாகாது.

சீட்டு எழுதிவிட்டால் கடமை தீர்ந்ததா என்பது இன்னும் கடினமான வினா. இராமானுசரிடம் மந்திரத்தைக் கேட்டவன் அதன் பொருளையும் உடன் கேட்டான். இந்தத் தொழிற்பேட்டையில் இராப்பணி முடித்து, எட்டுப் பேர் படுக்கும் அறைக்குத் திரும்பி, பகல் வெளிச்சத்தில் தூக்கம் வராமல் புரளும் இளைஞன் அறியாமையால் மட்டுமா சீசாவை நாடுகிறான்? அவனுக்கு ஷிப்டு மாறுவதே ஒளஷதம் என்று எந்த மருந்துச் சட்டமும் எழுதாது.

நான் நின்றிருந்தபோதே, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, ஒடிசாவோ பீகாரோ என்று தெரியாத பையன் ஒருவன் வந்து, இருநூறு ரூபாய் கொடுத்துத் தூக்கத்துக்கென்று ஒரு சீசாவை வாங்கினான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழ் படிக்கத் தெரிந்த முகம் என்று எண்ணினானோ என்னவோ, என்னிடம் நீட்டி, "அண்ணா, இதுல என்ன எழுதிருக்கு?" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வேலும் மயிலுமாக முருகன் படம் ஒன்று இருந்தது. அதன் கீழே 'நூறு சதவீதம் மூலிகை' என்று பச்சை மையில் அச்சிட்டிருந்தது. பின்புறம் வெறும் கண்ணாடி. படித்துச் சொல்ல வேறொன்றும் இல்லாமல் நான் விழித்துக்கொண்டிருக்கையில் கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவன் சீசாவை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடி ஏறினான்.