அனுஷத்தில் பிறந்த பிள்ளை

கஜகேசரி யோகம் என்று காதில் விழுந்தாலே நம் வீடுகளில் ஒரு பூரிப்பு வந்துவிடுகிறது. பிள்ளையின் ஜாதகத்தை ஜோசியர் கையில் கொடுத்ததும், "சந்திரனுக்குக் கேந்திரத்தில் குரு இருக்கிறாரா, பாருங்கள்" என்கிறோம். இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் பெற்றவர்களுக்கு வயிறு நிறைந்துவிடும்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். சந்திரன் நின்ற ராசியிலிருந்து 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் குரு இருந்தால் கஜகேசரி. பன்னிரண்டு ராசியில் நான்கு. சந்திரன் சுமார் 27 நாளில் ராசிச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். அதில் ஏறத்தாழ ஒன்பது நாள், உலகத்தில் பிறக்கிற குழந்தைகள் அத்தனை பேருக்கும் இந்த யோகம் உண்டு. மூன்று பேரில் ஒருவருக்கு யானையும் சிங்கமும் துணை!

அதனால்தான் சாஸ்திரம் நிபந்தனை வைத்தது. குரு நீசமாகக் கூடாது, பகை வீட்டில் நிற்கக் கூடாது, அஸ்தங்கதம் ஆகக் கூடாது (அதாவது சூரியனை நெருங்கி மறையக் கூடாது), சுபர் சேர்க்கையோ பார்வையோ வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் உரிய தசை வந்தால்தான் பலன்.

இந்த நிபந்தனைகளை மனசில் வைத்துக்கொண்டு, நம் விழுப்புரத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் கட்டத்தைப் பார்ப்போம். 1894 மே 20, வைகாசி மாதம், அனுஷ நட்சத்திரம். தகப்பனார் சுப்பிரமணிய சாஸ்திரிகள், கல்வி இலாகாவில் உத்தியோகம். தாயார் மகாலட்சுமி அம்மாள். குலதெய்வமான சுவாமிமலை முருகன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள்: சுவாமிநாதன். பின்னாளில் காஞ்சி மகாபெரியவர் என்று உலகம் வணங்கியது இந்தப் பிள்ளையைத்தான்.

அனுஷம் என்றால் விருச்சிக ராசி. சந்திரனுக்கு அது நீச வீடு. குரு நேர் எதிரே ரிஷபத்தில், சூரியனோடு சேர்ந்து நிற்கிறார். ஏழாம் இடம், கேந்திரம்தான், கஜகேசரி உண்டு. ஆனால் ரிஷபம் சுக்கிரன் வீடு, குருவுக்குப் பகை வீடு. ஏட்டைக் கறாராகப் பிடித்தால், நீசச் சந்திரனும் பகை வீட்டுக் குருவும் சேர்ந்த யோகம் இது. "யோகம் இருக்கு, ஆனா பங்கப்பட்டிருக்கு" என்று சொல்லித்தான் பல ஜோசியர்கள் அனுப்பியிருப்பார்கள்.

நல்லவையும் உண்டு. விருச்சிகத்துக்கு அதிபதி செவ்வாய். அவர் கும்பத்தில், சந்திரனுக்கு நான்காம் கேந்திரத்தில் இருக்கிறார், ஆகவே நீசபங்கம், அதாவது நீசக் குறை நீங்குகிறது. பௌர்ணமியை ஒட்டிய சந்திரன் என்பதால் பட்சபலமும் நிறைவு. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி மகிழலாம், நானும் மகிழ்கிறேன். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அன்றைக்கு விழுப்புரத்தில், சென்னையில், காசியில் பிறந்த மற்றக் குழந்தைகளுக்கும் இதே சந்திரன், இதே குரு, இதே செவ்வாய்!

அப்பாவின் உத்தியோகத்தால் குடும்பம் திண்டிவனம் வந்தது. அங்கே ஆற்காடு அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படிப்பு. பைபிள் ஒப்புவித்ததில் பரிசு வாங்கினார். ஷேக்ஸ்பியரின் 'ஜான் மன்னன்' நாடகத்தில் இளவரசன் ஆர்தராக நடித்ததிலும் பரிசு. அந்த 1906-ஆம் ஆண்டுதான், பக்கத்திலிருக்கும் பெருமுக்கலில் காஞ்சி மடத்தின் 66-ஆவது ஆசாரியர் சாதுர்மாஸ்யம் இருந்தார். அப்பாவோடு போய் தரிசித்தான் சிறுவன். ஆசாரியரின் பார்வை அவன் மேல் தங்கியது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆசாரியர் கலவையில் சித்தியடைந்தார். அடுத்துப் பீடமேறியவர் மகாலட்சுமி அம்மாளின் சகோதரி மகன். சகோதரிக்கு ஆறுதல் சொல்லப் பிள்ளைகளோடு புறப்பட்டார் அம்மாள். போகிற வழியில், காஞ்சிபுரத்தில், சுவாமிநாதனை மட்டும் மடத்து ஆட்கள் தனி வண்டியில் அழைத்துப் போனார்கள். புதிய ஆசாரியரும் சில நாட்களிலேயே சித்தியடைந்துவிட்டார். 1907 பிப்ரவரி 13 அன்று கலவையில் அந்தச் சிறுவன் காவி உடுத்தி 68-ஆவது பீடாதிபதியானார். பதின்மூன்றாம் வயது அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆறுதல் சொல்லப் போன தாய், தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

சந்திரன் மாதுர்காரகன், தாயைக் குறிக்கும் கிரகம். அவன் நீசமானால் தாயின் அண்மை குறையும் என்பார்கள். குறைந்தது. நாம் தோஷம் என்று பயப்படுகிற இடம், அந்த ஜாதகத்தில் துறவின் வாசலாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன். கஜகேசரி மனிதருக்குப் புகழும் பதவியும் தரும் என்கிறது ஏடு. அவருக்கும் கொடுத்தது. அந்தப் பீடத்தில் அமர்ந்தவர், 1919-இல் தொடங்கி 1939 வரை நாடெங்கும் யாத்திரை போனார். காசிக்கு நடந்தே போனார். நடந்தது கிரகமா, அவர் கால்களா? 1994 ஜனவரி 8 அன்று சித்தியடையும்போது நூறாவது வயது நடந்துகொண்டிருந்தது. அத்தனை ஆண்டுக்கும் எளிய ஆகாரம், ஓயாத ஜபம், பூஜை, உபதேசம். இவற்றை எந்தக் கட்டத்தில் தேடுவீர்கள்?

வரன் பார்க்கிற பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுஷம், விருச்சிகம், சந்திரன் நீசம் என்று கண்டவுடனே ஒரு பெண்ணின் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவளை நேரில் பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.