லேபிளில் ஒரு பேனாக் கோடு

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசுவோம்.

ஒரு பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறி, நடுவில் இருக்கும் வெள்ளைச் சதையை விதையோடு வழித்து எடுத்துவிட வேண்டும். காரம் விதையில் இருப்பதாகத்தான் நம் வீடுகளில் சொல்வார்கள். உண்மையில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் அது அதிகம். பாதி மிளகாயை மட்டும் 45 மில்லி ஜின்னில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் போதும். காரத்தைத் தருகிற கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால்தான் ரசத்தில் ஏறாத காரம் இதில் சீக்கிரம் ஏறிவிடுகிறது. அரை மணி நேரம் மறந்துவிட்டால் வாயில் வைக்க முடியாது. (மறந்திருக்கிறேன். கீழேயும் ஊற்ற மனம் வராமல், அழுதுகொண்டே குடித்திருக்கிறேன்.) மிளகாயை எடுத்துவிட்டு, அரை எலுமிச்சம்பழச் சாறு, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ். மேலே சோடா. டானிக் வாட்டர் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைப் பாகு, பழச்சாறு, ஆரஞ்சு லிக்கர் எதுவும் கிடையாது. மிளகாய் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

மாவுச்சத்து என்று பார்த்தால் மொத்தமே ஒன்றிரண்டு கிராம். அதுவும் எலுமிச்சையில் இருப்பது. வடித்தெடுத்த மதுவில் கார்ப் கிடையாது.

கார்ப் கணக்கு எனக்கு ஏன் என்றால், இரண்டாவது பிரசவத்தின்போது கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. அது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மருத்துவர் அரிசியைக் குறைக்கச் சொன்னார், இனிப்பை நிறுத்தச் சொன்னார், நடக்கச் சொன்னார். மாதத்துக்கு இரண்டு முறை குடிப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒரு குடும்பப் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நானும் சொல்லவில்லை. என் உடம்பைப் பற்றிய ஒரு தகவலை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, மரியாதை கருதி, மறைத்தோம்.

ஒரு சனிக்கிழமை இரவு நண்பர்கள் வந்திருந்தார்கள். என் கையில் இந்தக் கோப்பை இருந்தது. தோழி ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: “குடிக்கவும் செய்யணும், குண்டாவும் ஆகக் கூடாதா?” நான் உடனே, “இதுல கார்ப்பே இல்லடீ” என்றேன். அன்று இரவு முழுக்க அந்த “உடனே” என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் ரம்மில் கோலா ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குப் பதில் சொல்லத் தோன்றியிருக்காது, “ஆமா, அதுக்கென்ன” என்றிருப்பார்.

பெண்ணின் சந்தோஷம் எப்போதும் கையில் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடுதான் வாசலுக்கு வருகிறது. சினிமாவுக்குப் போனால் “சமைத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்” என்கிறோம். புடவை வாங்கினால் “தள்ளுபடியில் கிடைத்தது” என்கிறோம். குடித்தால் “கார்ப் இல்லை” என்கிறோம். இனிப்பே இல்லாமல், காரமாக, புளிப்பாக, உப்பாக இருக்கிற ஒரு பானத்தை நான் தேர்ந்தெடுத்தது நாக்குக்காக மட்டும்தானா, அல்லது தண்டனையையும் கோப்பைக்குள்ளேயே கலந்துவிட்டால் குற்றம் நேர்ந்துவிடும் என்று நினைத்தேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த மன்னிப்புக் கடிதம் பொய்க் கடிதம். கார்ப் இல்லை என்றால் கேடு இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. நம் ஊர் மது 42.8 சதவீதம் என்பதால் 45 மில்லியில் மட்டும் சுமார் 105 கலோரி வந்துவிடும். ஒரே அளவைக் குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் அது பொதுவாக அதிகமாக ஏறும், ஏனென்றால் நம் உடம்பில் நீரின் பங்கு குறைவு. மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பை மது கூட்டுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கிறவர்களுக்கு இனிப்பில்லாத மது வேறு விதமாகவும் ஆபத்து: கல்லீரல் ஆல்கஹாலைக் கவனிக்கப் போய்விடுவதால், வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை சட்டென்று கீழே இறங்கிவிடக்கூடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் குடிக்கிறேன். யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.

குடிப்பது விடுதலை என்று வாதிடவும் எனக்கு விருப்பமில்லை. ஆண் செய்கிற ஒன்றைப் பெண்ணும் செய்வதுதான் சமத்துவம் என்றால், அந்தப் பட்டியலில் நமக்கு வேண்டாத பலதும் இருக்கின்றன. அதைவிட, இந்த மண்ணில் மதுவைப் பற்றிப் பெண்கள் பேசிய அரசியல் பெரும்பாலும் கடையை மூடச் சொன்ன அரசியல். 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையும் கண்ணம்மாளும் நின்றார்கள். 90-களின் தொடக்கத்தில் பக்கத்து மாநிலத்தின் நெல்லூரில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த கிராமத்துப் பெண்கள் சாராயக் கடைகளை மூட வைத்தார்கள். 2003-இல் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக எடுத்துக்கொண்ட பிறகு எத்தனை ஊர்களில் பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்! அந்த வரிசையில் என் ஜின் கோப்பையை எங்கே வைப்பது?

அதே சமயம், நாம் குடிக்காதவர்களாகவே இருந்தோம் என்பதும் பள்ளிக்கூடம் சொல்லித் தந்த கதைதான். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவனோடு கள் பகிர்ந்த நாட்களை நினைப்பதில்தான் தொடங்குகிறது. நமக்குச் சின்ன வகுப்பில் கிடைத்தது பிற்காலத்து ஆத்திசூடி ஔவை. கையில் கோல், நெற்றியில் திருநீறு. ஒரே பெயர் என்பதால் கள் குடித்தவளைப் பாட்டிக்குப் பின்னால் மறைத்து வைப்பது சுலபமாகிவிட்டது.

என் கேள்விக்கு ஔவை பதில் சொல்லமாட்டார். என் அம்மாவிடம்தான் அது இருக்கிறது.

வேலூரில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவின் பிராந்தி பாட்டில் இருக்கும். அம்மா தினமும் ராத்திரி, அவர் தூங்கிய பிறகு, மது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே லேபிளில் பேனாவால் ஒரு சின்னக் கோடு போடுவாள். மறுநாள் சாயங்காலம் அவர் குளிக்கப் போகும்போது போய்ப் பார்ப்பாள். கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தால் சாப்பாடு சீக்கிரம் பரிமாறப்படும். நான்கு விரல் இறங்கியிருந்தால் என்னையும் தம்பியையும் பக்கத்துத் தெருப் பாட்டி வீட்டில் படுக்க அனுப்புவாள். கோடுகள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கோடு வரைக்கும் நிரப்பி வைத்திருந்தார். நிறம் வெளுத்திருந்ததைப் பார்த்து அம்மா மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அடிக்கடி அப்படிச் செய்தாள். அவள் மதுவை ருசித்தது அந்த அளவுக்குத்தான்.

அப்பா எவ்வளவு குடித்தார் என்பதை அப்பா ஒருநாளும் அளந்ததில்லை. அளக்கிற வேலை அம்மாவுக்கு. அடி வாங்கியது, பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டுப் போனது, அக்கம்பக்கத்தில் “கொஞ்சம் உடம்பு சரியில்ல” என்று சொன்னது எல்லாம் அம்மாவுக்கு. குடி தப்பா சரியா என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அந்த லேபிளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் குடிக்க, அதன் விலையை இன்னொருவர் கொடுத்தால் அது தப்பு. அதில் எனக்குக் குழப்பமில்லை. என் கோப்பையின் விலையை நானே கொடுக்கிறேன் என்றால் அதற்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

நானேதான் கொடுக்கிறேனா? அங்கேதான் இடிக்கிறது. டாஸ்மாக் வாசலில் நான் ஒருமுறைகூட நின்றதில்லை. என் ஜின் என் கணவரின் ஸ்கூட்டரில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவின் புருஷன் குடித்தே கூலியைக் கரைக்கிறவர். அவர் வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் எழுந்து கோப்பையைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துவிடுவேன். அவர் மனம் நோகக் கூடாதென்று செய்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன். அவர் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, “சாரு குடிச்சாராம்மா?” என்று கேட்டார். “ஆமாக்கா” என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! அவருடைய மனதைக் காப்பாற்ற நினைத்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். நான் காப்பாற்றியது அவர் கண்ணில் இருக்கிற என்னை. அதற்காக, ஆண் என்றால் குடிப்பான், அதைப் பெண் கழுவுவாள் என்று அவருக்கு ஏற்கனவே தெரிந்த உலகத்தை நானும் ஒருமுறை உறுதிப்படுத்திக் கொடுத்தேன். அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதுவது அதற்கு ஈடாகாது என்றும் தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். பொங்கலுக்கு வந்திருந்தாள். அடுப்பங்கரை மேடையில் இருந்த பெக் அளக்கும் சின்னக் கோப்பையை எடுத்து, “இது என்னடி, இருமல் மருந்து மூடியா?” என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். சத்தம் போடுவாள், இல்லையென்றால் அழுவாள் என்று நின்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “உங்க அப்பா மாதிரியா?” என்றாள். “இல்லம்மா.” “அவரும் அப்படித்தான் சொல்லுவாரு.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் பயப்பட நியாயம் இருக்கிறது. அளவு தெரிந்து குடிக்கிறேன் என்று சொல்லாத குடிகாரர் யாராவது உண்டா? அவள் கோடு போட்ட கை என் பக்கத்திலேயே உரித்துக்கொண்டிருக்கும்போது, 45 மில்லி, ஒன்றரை கிராம் என்று நான் என்ன கணக்கைக் காட்டுவது?

அன்று ராத்திரி அவள் கேட்டதால்தான் செய்தேன். “எப்படிப் போடுவே, காட்டு” என்றாள். மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மிளகாய் கீறுவதிலிருந்து சோடா ஊற்றுவது வரைக்கும் பார்த்தாள். சர்க்கரை எங்கே என்று கேட்டாள், இல்லை என்றேன். கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். கையில் எடுக்கவில்லை. சுண்டு விரலை மட்டும் நுனியில் தொட்டு, நாக்கில் வைத்து, அந்தப் பழைய முகத்தோடு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“உப்பு பத்தல” என்றாள்.