எழுதும் வேளை

1959-இல் 'எழுத்து' என்னும் சிற்றேட்டைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் என்பது இலக்கிய அன்பர்கள் நன்கறிந்த செய்தி. ஆதலால், நூலை வாசகன் கையில் சேர்ப்பிக்க ஆசிரியன் பாடுபடுவதை இழிவான காரியம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் அவர் சுமந்தவை எழுதி அச்சேறிய நூல்கள். அத்தனை அலைச்சலுக்கும் பிறகு, முதுமையில் 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலைத் தரும் சக்தியும் சிரத்தையும் அவரிடம் எஞ்சியிருந்தன.

இன்றோ, முதல் அத்தியாயம் முற்றுப்பெறுமுன்னரே அட்டைப்படம் ஃபேஸ்புக்கில் ஏறிவிடுகிறது. மனம் தெளிந்து, சொல் தானாகவே வந்து நிற்கும் அந்த அபூர்வமான விடியற்காலையில், நேற்றைய பதிவுக்கு எத்தனை லைக் விழுந்தது என்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் எழுத்தாளன், பாதியில் விட்ட வாக்கியத்துக்குத் திரும்புகையில், அதன் சுருதி கலைந்துவிட்டிருப்பதைக் கண்டு திகைக்கிறான், அடித்து எழுதுகிறான், மறுபடியும் கைப்பேசியை எடுக்கிறான். எத்தனை நல்ல கதைகள் இவ்வாறு கருவிலேயே கலைந்தனவோ என்று எண்ணும்போது என் நெஞ்சம் பதைக்கிறது. பதிப்பாளர் வற்புறுத்தினால், புத்தகம் வெளிவந்தபின், மாலையில் ஒரு நாழிகையை விளம்பரத்துக்கு ஒதுக்கலாம்; காலைப் பொழுதை அதற்குக் கொடுக்கலாகாது.

நிலைப்பது எழுத்தே என்பதற்குச் சிறுகதை ஆசிரியர் மௌனி சான்று: அவர் தம் ஆயுட்காலத்தில் எழுதியவை ஏறத்தாழ 24 கதைகளே. 1985-இல் அவர் மறைந்தார். அக்கதைகளை இளைஞர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.