பாதித் தோணி

சமுத்திரத்தில் பாய்மரப் படகு செலுத்துகிறவர்களுக்குத் தீராத தர்மசங்கடம் ஒன்று உண்டு. பெரிய படகு கரையை ஒட்டி வர முடியாது. இறங்கி ஏறவும், தண்ணீர் கொண்டு வரவும், தரை தட்டினால் நங்கூரத்தை எடுத்துச் சென்று தூரத்தில் போடவும் ஒரு குட்டித் தோணி கூடவே வேண்டும். அது பெரிதானால் மேல்தளத்தை அடைத்துக்கொள்ளும். பின்னால் கட்டி இழுத்தாலோ வேகம் குறையும். புயலில் தண்ணீர் நிரம்பிக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனாலும் போய்விடும். சிறிதானால் கவிழும்.

ஜோஷுவா ஸ்லோக்கம் 1895-ல் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். அவருடைய 'ஸ்ப்ரே' சுமார் 37 அடி நீளந்தான். யாரோ கழித்துப் போட்ட 'டோரி' என்னும் மீன்பிடித் தோணியை எடுத்து, குறுக்கே வெட்டி, வெட்டுவாயைப் பலகையால் அடைத்து, பாதியை மட்டும் ஏற்றிக்கொண்டார். ஒருவனுக்குப் பாதி போதும் என்பது அவர் கணக்கு. கடலில் அதுவே துணி துவைக்கும் தொட்டி, குளிக்கும் தொட்டி எல்லாம்!

இதை முதலில் படித்தபோது, தேவையை இப்படி அளந்துகொள்ளத் தெரிந்தவனல்லவா ஞானி என்று நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் உலையில் அரிசி போடும்போது, யாராவது வந்தால் என்று ஒரு பிடி கூடப் போடுவது வழக்கம். தன் ஒருவனுக்கென்று தோணியை வெட்டுகிறவன், இன்னொருவன் வரமாட்டான் என்று முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறான் அல்லவா?

அந்த வருஷம் டிசம்பரில் உருகுவே கரையில் ஸ்ப்ரே தரை தட்டியது. பெரிய நங்கூரத்தையும் வடத்தையும் தோணியில் ஏற்றினார். பாரம் தாங்காமல் அலையில் அது முழுகிற்று. வடத்தை வெட்டி இரண்டு நடையாக்கினார். நங்கூரத்தை இறக்குவதற்குள் தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டது. தோணி கவிழ்ந்தபோதுதான் தமக்கு நீந்தத் தெரியாது என்பது அவருக்கு நினைவு வந்ததாம்! நிமிர்த்தப் பார்க்கப் பார்க்க அது உருண்டது. கடைசியில் எப்படியோ கரை சேர்ந்தார். ஒரு மனிதனுக்குப் பாதி போதும் என்ற கணக்கில் அவர் தம் உடம்பை அளந்திருந்தார். தம் நங்கூரத்தை அளக்கவில்லை.

ஆனாலும் அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. 1912-ல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலில் 2,200 பேருக்கு மேல் இருந்தார்கள். 20 படகுகளில் இடம் இருந்ததோ 1,178 பேருக்கு. சட்டம் கேட்டதைவிட அதுவே அதிகம். கப்பலின் டன் கணக்கைப் பார்த்துப் படகு எண்ணிய சட்டம் அது, தலைகளை எண்ணவில்லை. அங்கே அளந்தவர்கள் ஒருவர். அந்த அளவுக்காக இரவில் பனிநீரில் தத்தளித்தவர்கள் வேறொருவர். ஸ்லோக்கத்தின் அளவு தப்பியபோது விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கியது அவருடைய கைகளேதான்.

ஆயினும் அந்த ஒரு பிடி அரிசி என்னை விட்டபாடில்லை. கதையை என் மனைவியிடம் சொன்னேன். நங்கூரம், உருகுவே எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, மற்றப் பாதியை யாருக்குக் கொடுத்தார்?" என்றாள்.